சிலம்பு படித்த பிள்ளைக்கு மெக்பத் புரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது, பினாங்கிலும் செபராங் பிறையிலும் ஆங்கில இலக்கியத்தைத் தனிப்பாடமாக எடுத்திருக்கும் நம் பிள்ளைகளின் கோப்பில் ஒரு தாள் தவறாமல் இருக்கும். இரண்டு பக்கம், நாற்பது ஐம்பது கலைச்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம். சிமிலி (உவமை) என்றால் இது, மெட்டஃபர் (உருவகம்) என்றால் இது, ஹமார்ஷியா என்றால் இது. டியூஷன் வகுப்பில் நகலெடுத்துக் கொடுத்த தாள் அது. அதை மனனம் செய்து முடித்தால் மீள்பார்வை முடிந்தது என்று பிள்ளை நம்புகிறது. பணம் கட்டிய பெற்றோரும் நம்புகிறார்கள். தனியார் பள்ளிகளில் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற அனைத்துலகத் தேர்வு எழுதும் மாணவர்களிடமும் இதே தாளைப் பார்க்கலாம்.

மதிப்பெண் கரைவது இந்தத் தாளில்தான். கேள்வித்தாள் பெரும்பாலும் ‘எப்படி’ என்று கேட்கிறது: இந்தக் காட்சியை ஆசிரியர் எப்படிப் பதற்றம் மிக்கதாக ஆக்குகிறார்? இந்தப் பாத்திரத்தின் மேல் நமக்கு எப்படி இரக்கம் வரவைக்கிறார்? நம் பிள்ளை அதற்கு ‘எது’ என்று பதில் எழுதுகிறது: இங்கே சிமிலி வந்துள்ளது, அங்கே ஐரனி (முரண்நகை) வந்துள்ளது, இவை வாசகரைக் கவர்கின்றன. கறியில் உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது என்று சொன்னால் சமையல் தெரியும் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த இடத்தில் அந்த உவமை என்ன வேலை செய்கிறது, அதை எடுத்துவிட்டால் எது கெடும் என்று சொன்னால்தான் விடை.

இதில் மனத்தை உறுத்தும் இன்னொன்று உண்டு. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை மொழியணியில் ஊறி வந்திருக்கிறது. உவமைத்தொடர், இணைமொழி, மரபுத்தொடர், இரட்டைக்கிளவி எல்லாம் அதற்குக் கைவந்த பாடம். ‘சிலை மேல் எழுத்து போல’ என்றால் ஏன் கல், ஏன் மணல் கூடாது என்று பத்து வயதிலேயே விளக்கம் சொல்லும். இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்ததும் அந்த அறிவைச் செருப்பைப் போல வாசலில் கழற்றி வைத்துவிடுகிறது. ஆங்கில வகுப்பில் ‘சிமிலி’யைப் புதிய பொருளாக, முதலிலிருந்து, பயத்தோடு படிக்கிறது. இந்த இரண்டு அறிவையும் சேர்த்துவைக்க என்னென்ன செய்யலாம் என்பதைத்தான் இக்கடிதத்தில் எழுதுகிறேன்.

முதலில் துன்பியல் நாடகம். அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய கவிதையியலிலிருந்து மூன்று சொற்கள் எல்லா மீள்பார்வைத் தாளிலும் இருக்கும்: ஹமார்ஷியா, பெரிபெட்டீயா, அனக்னோரிசிஸ். முதல் சொல்லுக்கு ‘நாயகனின் குணக்குறை’ என்று தாளில் போட்டிருக்கும். அதைப் படித்த பிள்ளை, ஷேக்ஸ்பியரின் நாயகர்களில் மெக்பத் என்றால் பேராசை, ஒத்தெல்லோ என்றால் பொறாமை, ஹேம்லட் என்றால் தயக்கம் என்று ஆளுக்கொரு ஒற்றைச் சொல்லை ஒட்டிவிட்டு எழுந்துவிடும். கதை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டதாக நினைக்கும்.

அந்தக் கிரேக்கச் சொல்லின் வினைவடிவத்துக்குப் பழைய பொருள் குறி தவறுதல். ஹோமரின் போர்க்களத்தில் எறிந்த ஈட்டி ஆளைத் தொடாமல் போனால் அந்த வினைதான் வரும். தமிழில் இதற்கு அச்சில் வார்த்தது போல ஒரு சொல் இருக்கிறது: பிழைத்தல். ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ என்ற 772ஆம் குறளில் வரும் ‘பிழைத்த வேல்’ யானையைக் குறிவைத்துத் தவறிய வேல். பிழை என்றால் குறி தவறியது. தவறு செய்தவன் கெட்டவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தச் சொல் கட்டாயப்படுத்தவில்லை. அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் சொன்னார்: தீயவனாக இல்லாத ஒருவன், பெரிய பிழை ஒன்றால் வீழ்கிறான். ஒரு குறளைக் கரும்பலகையில் எழுதினால் ஐந்து நிமிடத்தில் விளங்கும் இதைக் கலைச்சொல் தாள் ஓராண்டானாலும் விளக்காது.

அடுத்து, சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். அரசியின் ஊடலைத் தணிக்கப் போகிற அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல், ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்று காவலருக்குச் சொல்லிவிடுகிறான். அந்த இடத்தில் இளங்கோவடிகள் அவனைத் ‘தேரான் ஆகி’ என்கிறார். பிறகு கண்ணகி அவைக்குள் வந்ததும் சொல்லும் முதல் சொல் ‘தேரா மன்னா’. ஆராயாதது என்ற அந்த ஒரே சொல்லால் கவிஞர் குற்றத்தையும் குற்றச்சாட்டையும் கட்டிவிட்டார். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. நம் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். சிலம்பை உடைத்ததும் மணி தெறிக்கிறது. தன் தீர்ப்பை நிலைநாட்டக் கொண்டுவரச் சொன்ன சிலம்பே அவனை வீழ்த்துகிறது. அது பெரிபெட்டீயா, நிலை தலைகீழாகும் திருப்பம். அடுத்த நொடியே ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்கிறான். அது அனக்னோரிசிஸ், உண்மையை உணரும் கணம். ‘என்முதல் பிழைத்தது கெடுகவென் ஆயுள்’ என்கிறானே, அந்தப் ‘பிழைத்தது’ மேலே சொன்ன அதே சொல். திருப்பமும் உணர்வும் ஒரே கணத்தில் சேர்ந்து வருவதுதான் சிறந்தது என்று அரிஸ்டாட்டில் ஈடிப்பஸ் நாடகத்தைக் காட்டிச் சொல்வார். அங்கே கொரிந்துவிலிருந்து வரும் தூதன், தாயை மணக்க நேருமோ என்ற ஈடிப்பஸின் அச்சத்தைப் போக்க வாயைத் திறக்கிறான். அவன் சொன்ன சேதியே எல்லாவற்றையும் அம்பலமாக்குகிறது.

சிலம்பை இப்படி ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளையிடம் மெக்பத்தைக் கொடுத்து, ‘அம்பு எந்தக் காட்சியில் குறி தவறியது?’ என்று கேளுங்கள். ‘பேராசை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்க முடியாது. முதல் அங்கம் ஏழாம் காட்சிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். தன் அரசரைக் கொலை செய்யக் கூடாது என்பதற்கான காரணங்களை எல்லாம் மெக்பத்தே அடுக்கி, ‘இந்தக் காரியத்தில் இனி இறங்க வேண்டாம்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஐம்பது வரிக்குள் மனம் மாறும் காட்சி அது. ஒத்தெல்லோவில் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சி. மனைவியின் துரோகத்துக்குக் கண்ணால் காணும் சான்று வேண்டும் என்று கேட்டவன், ஒரு கைக்குட்டையைப் பற்றிக் காதால் கேட்டதையே சான்றாக எடுத்துக்கொள்கிறான். அவனும் தேரா மன்னன்தான்.

ஓர் எச்சரிக்கை: விடைத்தாளில் சிலம்பை எழுதச் சொல்லவில்லை. தேர்வு கேட்பது அந்த நாடகத்தைப் பற்றி மட்டுமே. பாண்டியன் மனத்துக்குள் இருக்கட்டும். தாளில் மெக்பத் மட்டும் இருக்கட்டும்.

இனி, ஒரு காட்சியை எவ்வளவு நெருங்கிப் படிக்க வேண்டும் என்று பார்ப்போம். மெக்பத் முதல் அங்கம், நான்காம் காட்சி. துரோகம் செய்த காடோர் பிரபுவுக்கு மரண தண்டனை நிறைவேறிவிட்டது. அரசர் டங்கன் வருந்திச் சொல்கிறார்: முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் வித்தை ஏதும் இல்லை, அவன் மேல் முழு நம்பிக்கை வைத்திருந்தேன். அந்த வாக்கியம் முடிவதும் மெக்பத் உள்ளே நுழைவதும் ஒன்றாக நடக்கின்றன. அவனைப் பார்த்ததும் அரசர் புகழ்ந்து வரவேற்கிறார். அதற்கு முந்தைய காட்சியிலேயே மெக்பத்தின் மனத்தில் கொலை எண்ணம் எழுந்ததை நாம் கேட்டாயிற்று. காடோர் பிரபு என்ற பட்டமும் இப்போது அவனுக்குத்தான் வந்திருக்கிறது. முகத்தைப் பார்த்து ஏமாந்தேன் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அரசர் இன்னொரு முகத்தைப் பார்த்து ஏமாறுகிறார்.

இதற்குப் பெயர் டிராமாட்டிக் ஐரனி. பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பது. கோவலன் தன் கையிலிருக்கும் சிலம்பை, அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லனிடம் போய் விலை கேட்கும்போது நம் அடிவயிறு கலங்குகிறதே, அதுதான் இது. இங்கே பிள்ளைகள் கோட்டைவிடுவது ‘மெக்பத் நுழைகிறான்’ என்ற மேடைக் குறிப்பை. சாய்வெழுத்தில் இருப்பதால் கண் தாண்டிப் போய்விடுகிறது. இந்தக் காட்சியின் முழு அதிர்ச்சியும் அந்தக் குறிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. மேடைக் குறிப்பும் சான்றுதான். அதை விடையில் தாராளமாகக் காட்டலாம்.

ஐரனி என்றாலே குழப்பம், ஏனென்றால் அதில் வகை உண்டு. சொல்லில் வரும் ஐரனிக்கு ஜூலியஸ் சீசர் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். கொல்லப்பட்ட சீசரின் பிணத்தின் அருகே நின்று அவர் நண்பன் ஆண்டனி பேசுகிறான். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் மதிப்புக்குரிய மனிதர் என்று முதலில் சொல்லும்போது மரியாதையாகவே ஒலிக்கிறது. சீசர் பேராசைக்காரர் என்று புரூட்டஸ் சொன்னார் என்கிறான். பிறகு ஒவ்வொரு சான்றாக வைக்கிறான். சிறைபிடித்தவர்களின் மீட்புப்பணம் கருவூலத்துக்குப் போனது, ஏழைகள் அழுதபோது சீசரும் அழுதார், அரச முடியை மூன்று முறை மறுத்தார். ஒவ்வொரு சான்றுக்குப் பின்னும் அதே வரி: புரூட்டஸ் மதிப்புக்குரிய மனிதர். சொல் மாறவில்லை. ஆனால் நான்காம் முறை அது வசவாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவன், ‘துரோகிகள் அவர்கள்! மதிப்புக்குரியவர்களாம்!’ என்று கத்துகிறான். அதுவரை ஆண்டனி ஒருமுறைகூட வாய்விட்டுத் திட்டவில்லை. திட்டும் வேலையைக் கூட்டமே செய்துவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு இது வஞ்சப்புகழ்ச்சி அணி. ‘தேவர் அனையர் கயவர்’ என்று தொடங்கும் 1073ஆம் குறள் தெரிந்தவர்களுக்கு ஆண்டனியின் குரல் கேட்டுவிடும். இந்தப் பேச்சுக்கு மீள்பார்வை செய்ய நல்ல வழி, வகுப்பில் ஒருவர் உரக்கப் படிப்பது, மற்றவர்கள் ‘மதிப்புக்குரிய’ வரும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டு, அங்கே குரல் எப்படி மாற வேண்டும் என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதுவது. மரியாதை, சந்தேகம், கேலி, கோபம். அந்த நான்கு ஓரக் குறிப்பும் அப்படியே விடையின் நான்கு வாக்கியங்கள். ஒன்றை மறக்காமல் சேர்க்கலாம்: அவனுக்கு முன் பேசிய புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான், ஆண்டனி செய்யுளில் பேசுகிறான். காரணத்தை முன்வைத்தவன் உரைநடை, உணர்ச்சியைக் கிளப்பியவன் செய்யுள். பார்த்தாலே தெரியும் வித்தியாசம். வரி முழு அகலத்துக்கு ஓடினால் உரைநடை, பாதியில் முறிந்து பெரிய எழுத்தில் தொடங்கினால் செய்யுள். ஆனாலும் மிகச் சிலரே அதை எழுதுகிறார்கள்.

ஓர் உருவகத்தைத் தனியாகப் பிடிப்பதைவிட அது நாடகத்தில் எத்தனை இடத்தில் தலைகாட்டுகிறது என்று பின்தொடர்வது நல்ல பலன் தரும். மெக்பத்தில் உடையைப் பாருங்கள். முதல் அங்கம் மூன்றாம் காட்சியில் காடோர் பட்டம் கிடைத்ததும், கடன் வாங்கிய உடையை எனக்கு ஏன் உடுத்துகிறீர்கள் என்று அவனே கேட்கிறான். ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சியில், குள்ளத் திருடன் மேல் கிடக்கும் அரக்கனின் அங்கி போல அரச பட்டம் அவன் மேல் தொளதொளவென்று தொங்குகிறது என்கிறான் ஆங்கஸ். முதலில் வந்தது மெட்டஃபர், பின்னதில் சிமிலி. ஆனால் அதைச் சொல்வது முக்கியமில்லை. கடன் என்று தொடங்கியது திருட்டு என்று முடிகிறது. நாடகம் முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் நடக்கிறது. இப்படி இரண்டு இடத்தை இணைத்து எழுதிய ஒரு பத்தி, பத்து அணிகளின் பெயரைச் சொல்லும் ஒரு பக்கத்தைவிட எடை கூடியது.

தமிழ் அணியறிவு கைகொடுக்கும் என்றேன். சில இடத்தில் அது காலை வாரியும் விடும். மோனையை அலிட்டரேஷன் என்று சொல்லிக்கொடுப்பது சரியே, ஆனால் தமிழ் மோனையில் மவும் வவும் இனம், சவும் தவும் இனம். ஆங்கிலத்தில் அந்த உறவு கிடையாது. அங்கே கணக்கு எழுத்தில் இல்லை, ஒலியில். ‘சிட்டி’யும் ‘சன்’னும் வேறு எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன், ‘பென்’னும் ‘ஃபோன்’னும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் இல்லை. எதுகைக்கு ஆங்கிலத்தில் இணை இல்லை. ரைம் என்பது நம் இயைபுக்குப் பக்கத்தில் வருவது. ‘ஆஸ்’ (as) என்ற சொல்லைப் பார்த்தவுடன் சிமிலி என்று வட்டம் போடும் பழக்கமும் உண்டு. அந்தச் சொல்லுக்குப் போல, அப்போது, ஏனெனில் என்று மூன்று வேலை. ‘போல’ என்று வைத்துப் படித்துப் பார்த்து, ஒப்பிடும் பொருள் இரண்டும் வேறு வேறு இனமா என்று கேட்ட பிறகே வட்டம் போட வேண்டும். தம்பி அண்ணனைப் போல உயரம் என்றால் அது வெறும் ஒப்பீடு.

சந்தத்திலும் இதே சிக்கல். நேரசை, நிரையசை பிரித்துப் பழகிய காது, ஆங்கில அடியையும் குறில் நெடில் பார்த்து அளக்கப் போகும். ஷேக்ஸ்பியரின் அடியில் கணக்கு அழுத்தத்துக்கு: பத்து அசை, ஐந்து அழுத்தம், மெல்ல ஒன்று ஓங்கி ஒன்று. மேசையில் ஓங்கும் இடத்தில் மட்டும் தட்டச் சொல்லிப் படிக்க வைத்தால் இரண்டு நாளில் பிடிபடும். அதன் பிறகு மெக்பத்தில் வரும் சூனியக்காரிகளின் ‘டபுள் டபுள் டாயில் அண்ட் டிரபுள்’ பாட்டுக்குத் தட்டச் சொல்லுங்கள். நான்கு தட்டு, முதல் அசையே ஓங்குகிறது. மனிதர்கள் பேசும் சந்தத்தில் அவர்கள் பேசவில்லை என்பதைக் கை முதலில் உணரும், விடை பிறகு தானே வரும்.

இயற்கையைக் கொண்டு மனநிலையைக் காட்டும் உத்திக்கு ஆங்கிலத் திறனாய்வாளர் ரஸ்கின் 1856இல் பதெட்டிக் ஃபேலஸி என்று பெயர் வைத்தார். அவருக்கு நூற்றாண்டுகள் முன்பே, மதுரைக் கோட்டையின் கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனை ‘வாரல்’ என்று கைகாட்டித் தடுப்பதாகப் பாடிவிட்டார் இளங்கோவடிகள். நாம் அதைத் தற்குறிப்பேற்ற அணி என்று படிக்கிறோம். இரண்டும் முழுக்க ஒன்றல்ல. ஆனால் டங்கன் கொலையான இரவில் புகைபோக்கிகள் சரிந்ததையும், அரசரின் குதிரைகள் ஒன்றையொன்று தின்றதையும் படிக்கும் பிள்ளை அந்தக் கொடியை நினைத்துக்கொண்டால் போதும். ‘காற்று அடித்தது’ என்று எழுதாது. ‘இயற்கையே இந்தக் கொலையை ஏற்கவில்லை என்று காட்டுகிறார்’ என்று எழுதும்.

நாவலுக்கு வருகிறேன். இங்கே பெரிய நோய் கதைச்சுருக்கம். நாவலின் கேள்வி எதுவானாலும் முதல் ஒரு பக்கத்துக்குக் கதை சொல்லிவிட்டு, கடைசி ஐந்து வரியில் கேள்விக்கு வருவது. கதையைத் திருத்துநர் படித்திருக்கிறார். அவருக்குத் தெரியாதது, பிள்ளை அந்தக் கதையில் எதைக் கவனித்தது என்பது.

ஒரு காலத்தில் நம் பள்ளிப் பாடத்தில் இருந்த நாவல் கே.எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’. கெடாவில் பிறந்த, நம்மவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி 1981இல் வந்த நாவல். அதன் தொடக்கத்திலேயே பெரியதாய் என்ற பாட்டி, மூட்டை முடிச்சோடும் மூன்று பையன்களோடும் தொடுவானத்திலிருந்து திடீரென்று ஓர் ஒட்டகம் போல வந்தாள் என்று ஓர் உவமை. ‘இது சிமிலி’ என்று எழுதி நிறுத்தினால் அரை மதிப்பெண்கூடத் தேறாது. ஏன் ஒட்டகம் என்று கேட்க வேண்டும். நம் உவமைத்தொடர்களில் ஒட்டகம் இல்லை. இந்த மண்ணிலும் இல்லை. சுமை தூக்குவது, தண்ணீரில்லாமல் நெடுந்தூரம் போவது, பாலைவனத்துக்கு உரியது. அப்படியானால் அவள் கடந்து வந்தது எதை, வந்து சேர்ந்த இடம் அவளுடையதா? நாவல் முழுவதும் கேட்கப்போகும் கேள்வி அந்த ஒரு சொல்லிலேயே நின்றுகொண்டிருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்து முக்கால் மணி நேர வகுப்பு நடத்தலாம்.

வரப்போவதை முன்கூட்டி உணர்த்துவதற்கு 1937இல் வந்த ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நல்ல பாடம். கிழவன் கேண்டியின் நாயை கார்ல்சன் தன் துப்பாக்கியால் பின்மண்டையில் சுட்டுக் கொல்கிறான். என் நாயை நானே சுட்டிருக்க வேண்டும், வேறொருவரை விட்டிருக்கக் கூடாது என்று கேண்டி பிறகு ஜார்ஜிடம் வருந்துகிறான். கடைசியில் ஜார்ஜ் தன் நண்பன் லென்னியைச் சுடுவது அதே துப்பாக்கியால், அதே இடத்தில், தன் கையாலேயே. ‘நாயின் சாவு லென்னியின் சாவை முன்னுணர்த்துகிறது’ என்று எழுதுவதோடு பலரும் நிற்கிறார்கள். கேண்டியின் வருத்தத்தைச் சேர்த்தால்தான் லென்னியைத் தேடிய மற்றவர்களுக்கு முன் ஜார்ஜ் ஏன் ஓடினான் என்பது விளங்கும். கொலை அங்கே அன்பின் செயலாக மாறுவதும் விளங்கும்.

குறியீட்டுக்கு ஒரே விதி: பொருளின் நிலை எங்கெங்கே மாறுகிறது என்று பாருங்கள். 1954இல் வந்த கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலில் சிறுவர்கள் கூட்டம் கூட்ட ஊதும் சங்கு முதலில் பாலாடை நிறம், ஆங்காங்கே மங்கிய இளஞ்சிவப்பு, பிறகு வெளுக்கிறது, கடைசியில் பிக்கி என்ற சிறுவனோடு சேர்ந்து நொறுங்குகிறது. பிக்கியின் கண்ணாடியில் முதலில் ஒரு வில்லை உடைகிறது, பிறகு கண்ணாடியே திருட்டுப் போகிறது. ‘சங்கு ஜனநாயகத்தின் குறியீடு’ என்ற வரியை மட்டும் மனனம் செய்தவருக்கு இந்த மாற்றங்கள் எதுவும் தெரியாது. அறிவியல் பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இன்னொன்றையும் பிடிப்பார்கள்: பிக்கிக்குக் கிட்டப்பார்வை, அதற்கான குழிவில்லை ஒளியை விரிக்கும், குவிக்காது, அதனால் கதையில் வருவது போல அந்தக் கண்ணாடியால் தீ மூட்ட முடியாது. ஆசிரியர் சறுக்கிய இடம்தான். அதைக் கண்டுபிடித்த பிள்ளையைப் பாராட்ட வேண்டும், அவ்வளவு கவனமாகப் படித்ததற்காக.

மீள்பார்வையின் அளவைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு நாடகத்துக்கு ஆறு காட்சி போதும்: தொடக்கம், பிழை நடக்கும் காட்சி, திருப்பம், இரண்டு பாத்திரங்கள் மோதும் காட்சி, உணரும் கணம், முடிவு. ஒரு காட்சிக்கு ஓர் அமர்வு, நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் உரக்கப் படிக்க வேண்டும், விளக்கவுரை நூலைத் தொடக் கூடாது. அடுத்த இருபது நிமிடத்தில் இரண்டே இரண்டு மேற்கோளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் அது யார் சொன்னது, யாரிடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எந்தச் சொல் கனக்கிறது என்று அட்டையில் எழுத வேண்டும். மேற்கோள் மூன்றிலிருந்து ஆறு சொல்லுக்குள் இருக்கட்டும். நான்கு வரி மேற்கோளை மனனம் செய்பவர்கள் பதற்றத்தில் ஒரு சொல்லை மாற்றி எழுதி, பிறகு அந்தத் தவறான சொல்லையே விளக்கிக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பத்தி. ஆறு காட்சிக்குப் பன்னிரண்டு அட்டை. எந்தக் கேள்விக்கும் அதில் ஐந்தாறு பயன்படும்.

பத்தி எழுதும்போது கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு என்ற முறையைப் பள்ளிகளில் சொல்லித்தருகிறார்கள். முறை நல்லது, அளவுதான் கெடுகிறது. கருத்து மூன்று வரி, சான்று மூன்று வரி, விளக்கம் ஒரு வரி என்று வந்துவிடுகிறது. கருத்து ஒரு வரி, சான்று ஐந்தாறு சொல், விளக்கம் நான்கைந்து வரி என்று திருப்பிப் போட வேண்டும். விளக்கம் வராமல் தவிக்கும் பிள்ளை, முதலில் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். ‘கடன் வாங்கின சட்டை எப்படி உடம்புக்குச் சேரும்?’ என்று தமிழில் ஒரு கேள்வி எழுந்தால், ஆங்கிலத்தில் வாக்கியம் வர அதிக நேரம் ஆகாது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: சிந்தனை இல்லாத இடத்தில் எந்த மொழியும் வளராது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. எல்லா மாணவரும் எழுதும் எஸ்.பி.எம். ஆங்கிலம் 2021 முதல் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாளாகிவிட்டது. முன்பிருந்த நாவல் கேள்வி அதில் இல்லை. தேர்வில் இல்லாததைப் படிக்க நேரமில்லை என்று இலக்கிய நேரம் பயிற்சித் தாள்களுக்குப் போய்விடுகிறது. இலக்கியத்தைத் தனிப்பாடமாக எடுக்காத பிள்ளை ஒரு துன்பியல் நாடகத்தையும் படிக்காமலேயே பள்ளியை விட்டு வெளியே வந்துவிடலாம். ஒரு பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று ஐந்து நிமிடம் வாதாடிப் பழகிய பிள்ளைக்குப் பேச்சுத் தேர்வில் சொல் பஞ்சம் வராது என்பதைப் பள்ளிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் தேர்வுப் பயிற்சிகள் வருகின்றன. வாரம் ஒரு முறை அதில் அரைப் பக்கம் ஒதுக்கி, ஓர் ஆங்கில நாடகக் காட்சியின் கதைச் சூழலைத் தமிழில் கொடுத்து, அதற்குப் பக்கத்தில் ஒத்துவரும் ஒரு தமிழ்ப் பாடலடியையும் வைத்து, இரண்டே கேள்வி கேட்கலாம். ஷேக்ஸ்பியரின் மூலம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; பிள்ளைகள் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. முதல் வாரத்துக்கு மெக்பத் முதல் அங்கம் நான்காம் காட்சியையும், கோவலன் பொற்கொல்லனைச் சந்திக்கும் அடிகளையும் சேர்த்துப் போடலாம். அந்தக் காட்சி அறுபது வரிக்கும் குறைவு.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கிய ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு